எடைக்குப் பிடித்த நோன்பு

நெல் நிறுக்கிற தராசில் ஆள் ஏறக் கூடாது என்பது எங்கள் மில் முதலாளியின் சட்டம். ஆள் ஏறினால் தராசு பிழையாகக் காட்டும் என்பார். அந்த மில்லில் மூட்டைகளை நிறுத்துச் சொல்வதுதான் என் வேலை, ஆகவே சட்டத்தைக் காக்க வேண்டியவனும் நான்தான். அவர் மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனதும் சேர்ட்டையும் சாரத்தையும் கழற்றி மூட்டை மேல் போட்டுவிட்டு, உள்ளாடையோடு நானே அதில் ஏறி நிற்பேன்.

எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். எனக்கு இருபத்து மூன்று வயது. கல்முனைத் தராசுகளில் றாத்தல் போய்க் கிலோ வந்து அதிக காலம் ஆகவில்லை. முள் அறுபத்து மூன்றில் நின்றது. நான் ஐம்பத்தெட்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

விளையாட்டு உடம்புக்கு நல்லது என்று பரிசளிப்பு விழாக்களில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். மேடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களின் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம். நான் ஆடியது தைக்குவாண்டோ. ஊரார் எல்லோரும் அதைக் கராத்தே என்றார்கள். முதல் வருடம் திருத்தினேன், பிறகு விட்டுவிட்டேன்.

வகுப்பு நடந்தது எங்கள் மில்லில் நெல் காயப்போடும் சீமெந்து மேடையில். பின்னேரம் நெல்லைக் கூட்டி அள்ளிய பிறகு மேடை எங்களுக்கு. மாஸ்டர் பக்கத்துத் தமிழூரான காரைதீவைச் சேர்ந்தவர், வங்கியில் எழுதுவினைஞர், கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் பழகியவர். என்னைவிட ஆறு வயதுதான் மூப்பு. பகல் முழுக்க வெயில் குடித்த சீமெந்து பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகும் சுடும். வெறுங்காலில் அதில் ஒரு காலுக்கு இருநூறு உதை. முதல் மாதம் உள்ளங்காலில் தோல் கழன்று வந்தது. இரண்டாம் மாதம் அந்த இடம் காய்த்துப் போனது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு முழுவதும் நீலமும் மஞ்சளுமாக இருக்கும், ஒன்று ஆற முதல் அதன் மேலேயே அடுத்தது விழும். நெஞ்சுக் கவசம் வாங்க வழியில்லாமல் சாக்குக்குள் தேங்காய்த் தும்பு அடைத்துத் தைத்துக் கட்டிக்கொண்டோம். அதைத் தாண்டி வந்த ஒரு உதையில் என் விலாவில் ஏதோ விட்டுப்போய், ஆறு கிழமை தும்மலுக்குப் பயந்து வாழ்ந்தேன். மலசல கூடத்தில் குந்தினால் எழும்புவதற்குச் சுவரைப் பிடிக்க வேண்டும். பெரிய சண்டைக்காரன் என்று வெளியே பெயர்.

ஒரேயொரு விஷயத்தில் எங்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. நேர் உதையில் கால்விரல்களைப் பின்னுக்கு மடக்கி, விரலடி மேட்டால் அடிக்க வேண்டும். மடக்கத் தெரியாதவனுக்குப் பெருவிரல் முறியும். பழகுவதற்குப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகுமாம். நாங்கள் முதல் நாளே மடக்கினோம்.

“உங்கட ஆக்கள் எல்லாருக்கும் விரல் எப்பிடி இப்பிடி மடியுது தம்பி?” என்று மாஸ்டர் கேட்டார்.

நான் அந்தச் சீமெந்திலேயே தொழுகையின் கடைசி இருப்பைப் போல இருந்து, வலக்கால் விரல்கள் நிலத்தில் ஊன்றி மடிந்து நிற்பதைக் காட்டினேன். ஏழு வயதிலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து தரம். அவர் என் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். அவரது பெருவிரல் இரண்டு முறை முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது.

கொழும்பில் தேசிய அணிக்கான தெரிவுப் போட்டி வந்தது. வென்றால் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். என் எடைப் பிரிவில் இராணுவத்துக்காரன் ஒருவன் இருந்தான், என்னைவிட ஒரு முழம் உயரம். அவன் காலைத் தூக்கினால் அது என் முகத்துக்கு வரும். ஒரு பிரிவு கீழே இறங்கினால் உனக்கு நிகர் யாருமில்லை என்றார் மாஸ்டர். நான் அதை நம்பினேன். இன்றைக்கும் அது பொய்யென்று நான் நினைக்கவில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. முன்பக்கத்தில் ராத்தாவும் மச்சானும் பிள்ளைகளும். பின்பக்கத்து அறையிலும் குசினியிலும் உம்மாவும் நானும். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போய் நீண்ட காலம். உம்மாவுக்குச் சீனி வருத்தம் முற்றி, கால் வீங்கி, கண்ணும் மங்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்திய றமழானில் ஒரு நோன்பும் பிடிக்கக் கூடாதென்று டாக்டர் தடுத்துவிட்டார். நோன்புக்குப் பதிலாக ஏழைகளுக்கு அரிசி கொடுத்தால் போதும் என்று மௌலவி சொன்னார், கொடுத்தோம். உம்மாவின் மனம் ஆறவில்லை. விட்ட நோன்பைப் பிறகு பிடிப்பதைக் களா என்போம். கால் வீக்கம் வற்றியதும் முப்பதையும் களாச் செய்வேன் என்று ஒரு பால்மா டின்னில் முப்பது புளியங்கொட்டை போட்டு, தலைமாட்டில் வைத்திருந்தார். கால் வீக்கம் வற்றவில்லை.

எடை குறைக்கத் தொடங்கிய முதல் நாள் ஒரு திங்கட்கிழமை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவன் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தேன்.

“என்ன, சோறு வேணாமா? நோம்பா?” என்று ராத்தா கேட்டார்.

திங்களும் வியாழனும் கட்டாயமில்லாத சுன்னத்து நோன்பு பிடிக்கிறவர்கள் ஊரில் பலர். எடை, பிரிவு, போட்டி என்று ராத்தாவுக்கு விளக்குவதைவிட அது சுகமாக இருந்தது. “ஓம்” என்றேன். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமையும் நான் சாப்பிடவில்லை. செவ்வாயில் அப்படியொரு நோன்பு கிடையாது. பின்னேரம் உம்மா என் கட்டிலருகே மெதுவாக வந்து இருந்தார்.

“ஆருக்கு மகன் நோம்பு புடிக்காய்?”

எனக்குக் களைப்பு. தலை இடித்துக்கொண்டிருந்தது.

“என்ட களாவையா வாப்பா புடிக்காய்?”

பாசம் மேலிட்டால் எங்கள் பக்கத்து உம்மாமார் மகனை வாப்பா என்றுதான் அழைப்பார்கள். உம்மாவின் குரலில் இருந்த அந்த நடுக்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. உயிரோடு இருக்கிற ஒருவருக்காக இன்னொருவர் நோன்பு பிடிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். குர்ஆன் மதறஸாவில் படித்தவன் நான். உம்மாவுக்கு அது தெரியாது, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

“ம்” என்றேன்.

நான் சொன்ன பொய் அவ்வளவுதான். ஒற்றை எழுத்து.

உம்மா எழுந்து போய் டின்னைத் திறந்தார். கண் சரியாகத் தெரியாததால் விரலால் தடவி இரண்டு கொட்டையை எடுத்து அடுப்பில் போட்டார். அவை வெடித்த சத்தம் என் கட்டிலுக்குக் கேட்டது.

மறுநாளிலிருந்து வீட்டில் எனக்கு மட்டும் றமழான். உம்மா வீங்கிய காலோடு விடியுமுன் சஹருக்கு எழும்பிச் சோறாக்கினார். சின்ன வயதில் செய்ததைப் போலவே என் முன்னால் இருந்து, இன்ன நோன்பைப் பிடிக்கிறேன் என்று எண்ணம் வைக்கும் நிய்யத்தை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லித் தந்தார். நோன்புக்கு நிய்யத்துத்தான் உயிர். அது இல்லாவிட்டால் பட்டினி கிடந்ததாக மட்டுமே ஆகும். என் உதடு உம்மாவைப் பின்தொடர்ந்து அசைந்தது. மனதில் ஓடியது ஐம்பத்தெட்டு. வயிறு சரியில்லை என்று சொல்லி இரண்டு பேரீச்சம்பழத்தோடு எழும்பிவிடுவேன்.

கச்சான் காற்று நெருப்பாக வீசிய காலம் அது. உச்சி வெயிலில் யூரியாப் பையின் உள்ளே இருக்கும் பொலித்தீனை வெட்டி, உடம்பில் சுற்றி, மேலே இரண்டு சேர்ட் போட்டுக்கொண்டு கடற்கரை மணலில் ஓடினேன். கால் புதையும் மணலில் ஓடினால் தொடை எரியும். பொலித்தீனுக்குள் வியர்வை இறங்கி இடுப்பில் குளம் கட்டும். கரைவலைக்காரர்கள் நிழலில் இருந்து கேலி செய்வார்கள்.

“என்ன மச்சான், ஆராச்சும் தொரத்துறானா?”

வாயில் ஊறுகிற எச்சிலையும் துப்பினேன். நோன்பாளி துப்பிக்கொண்டே திரிவது எங்கள் ஊரில் புதிதல்ல, ஆகவே யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மில்லில் ஈர நெல் வந்தால் காய்ந்த பிறகு எவ்வளவு நிற்கும் என்று கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்த நாட்களில் என்னையும் அப்படித்தான் பார்த்தேன். என்னில் இன்னும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதுதான் என் கணக்கு. அறுபத்தொன்று. அறுபது. ஐம்பத்தொன்பதரை. அதில் ஒரு போதை இருந்ததை மறைக்க மாட்டேன். முள் இறங்க இறங்க நான் ஏதோ பெரிய ஆளாகிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் உம்மா நோன்புக் கஞ்சியோடு நிற்பார். தேங்காய்ப்பால் விட்டு, இஞ்சியும் உள்ளியும் தட்டிப்போட்டு, இறைச்சித் துண்டு ஒன்றிரண்டு போட்ட கஞ்சி. றமழானுக்கு வெளியே எனக்காக மட்டும் காய்ச்சியது. மச்சான் எனக்கு இறைச்சி வாங்கி வந்தார். ராத்தாவின் பிள்ளைகள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டி, “பெத்தா இப்புடிப் புள்ளையப் பெறணும்” என்றார். நான் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கோப்பையோடு கிணற்றடிக்குப் போய் வாழையடியில் ஊற்றிவிடுவேன். கடைசி மூன்று நாள் தண்ணீரும் வாயைக் கொப்பளிக்க மட்டும்தான். உம்மாவுக்குக் கண் மங்கல். காலையில் கோழிகள் அந்த வாழையடியைக் கிண்டுவதை அவர் பார்த்திருக்க முடியாது.

பத்தாவது நாள் றுகூவுக்குக் குனிந்தவன் நிமிரும்போது பள்ளிவாசல் சுழன்றது. பக்கத்தில் நின்றவரின் தோளில் சாய்ந்தேன். தொழுகை முடிந்ததும் அவர் என் கையைப் பிடித்து, “உம்மாட களாவாமே, அல்லாஹ் ஏத்துக் கபூலாக்கட்டும்” என்றார். உம்மா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு கிலோ இருந்தது.

பன்னிரண்டாவது கொட்டை அடுப்புக்குப் போன மறுநாள் மாஸ்டரும் நானும் பஸ் ஏறினோம். பிரயாணத்தில் நோன்பு விடலாம் என்று உம்மாவே சொல்லி அனுப்பினார். “மிச்சத்த வந்து புடி மகன், அவசரமில்ல.”

போட்டியன்று காலை கொழும்பில் தராசில் ஏறினேன். தலையையும் மழித்திருந்தேன். முள் ஐம்பத்தெட்டைத் தொட்டு நின்றது. இறங்கிய கையோடு நாலு பணிசும் சீனி போட்ட தேத்தண்ணியும் விழுங்கினேன், பாதி வெளியே வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் முதல் சண்டை.

ஒரு சண்டை மூன்று சுற்று, சுற்றுக்கு மூன்று நிமிடம். பார்க்கிறவருக்கு ஒன்பது நிமிடம் பெரிதாகத் தெரியாது. ஒரு காலில் நின்று மற்றக் காலைத் தலை உயரத்துக்கு வீசி, அது நிலத்தைத் தொட முதல் அடுத்த அடிக்கு உடம்பைத் திருப்பி, அதற்கிடையில் எதிரியின் குதிக்காலை விலாவில் வாங்கி, வாங்கியது முகத்தில் தெரியாமல் மூச்சை எடுக்க வேண்டும். நல்ல உடம்புக்கே இரண்டாம் சுற்றின் நடுவில் தொடை ஈயமாகும். முதல் சண்டையில் வென்றேன். கை தூக்கியபோது மாஸ்டர் கண்ணைத் துடைத்தார். அந்த நிமிடத்தை நான் வெறுக்கவில்லை.

இரண்டாவது சண்டையில் எதிரே நின்றவன் என்னைவிடக் குள்ளம், என்னைவிட மெதுவானவன். அவனது உதை வருவதைக் கண்டேன். எப்படி விலக வேண்டும் என்பதும் தெரிந்தது. கால் வரவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகி, நான் அதைக் குனிந்து பார்த்தேன். சண்டையில் ஒருவன் செய்யக்கூடாத வேலை அது. விலாவில் விழுந்தது, பிறகு தாடையில். நிலம் மேலே வந்தது.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தேன். சிறுநீர் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போனது. டாக்டர் சிங்களத்தில் கேட்டதை மாஸ்டர் தமிழில் சொன்னார்.

“எத்தின நாளாத் தண்ணி குடிக்கல்ல எண்டு கேக்கிறார்.”

சொன்னேன். மாஸ்டர் அதை டாக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார்.

“நான் அஞ்சு கிலோவச் சொன்னன் தம்பி. தண்ணியச் சொல்லல்லயே” என்றார் பிறகு என்னிடம்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். தாடை வீங்கி, கைத்தாங்கலாக முற்றத்தில் இறங்கியவனை உம்மா கையால் தடவித்தான் பார்த்தார். முகம், தோள், விலா. பிறகு நிலத்தில் இருந்து அழுதார்.

“எனக்காகப் பட்டினி கெடந்துதான் என்ட புள்ளைக்கு இந்தக் கெதி. நான் கேட்டிரிக்கப்படா. இனி ஒரு நோம்பும் புடிக்காத வாப்பா. மிச்சத்த நான் அல்லாட்டச் செல்லிக்கிறன்.”

அழுகிற உம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டு, ‘இல்லை உம்மா, அது நோன்பே இல்லை’ என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? தலையில் உதை வாங்கப் போதுமான தைரியம் எனக்கு இருந்தது. இதற்கு இருக்கவில்லை. சொன்னால் தோல்விக்குத் தான் காரணமில்லை என்று உம்மாவுக்கு ஆறுதல் வரும், ஆனால் அடுப்பில் எரிந்த பன்னிரண்டும் திரும்பி வரும். எது பெரிய வலி என்று நிறுக்கத் தெரியாமல் நின்றேன். மூட்டை மூட்டையாக நிறுத்தவன்.

அதன் பிறகு நாலு வருடம் உம்மா இருந்தார். என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், “வெல்ல வேண்டிய புள்ள, என்ட நோம்பாலதான் தோத்தது” என்பார். நான் ஒரு வேலை இருப்பதைப் போல எழுந்து போய்விடுவேன். சண்டைக்கு நான் பிறகு போகவில்லை. கொஞ்ச நாளில் முஸ்லிம்களுக்கும் தமிழர்களுக்கும் கலவரம் மூண்டு, எங்களுக்கும் காரைதீவுக்கும் இடையில் பாதை மூடிய காலமும் வந்தது. மாஸ்டரால் வர முடியவில்லை, வகுப்பும் நின்றது. இன்றைக்கும் மழைக்குளிருக்கு அந்த விலா நோகும். வலது முழங்கால் மடிய மறுப்பதால் தொழுகைக்குக் கதிரை போடுகிறேன்.

ஒரு மாரியில் உம்மா மௌத்தானார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து அறையை ஒதுக்கும்போது தலைமாட்டில் பால்மா டின் இருந்தது. குலுக்கிப் பார்த்துவிட்டு எறியப்போன ராத்தாவிடமிருந்து அதை வாங்கினேன். எண்ணினேன். பதினெட்டு.

மௌலவியிடம் போய் முழுவதையும் சொன்னேன், ஒற்றை எழுத்திலிருந்து. அவர் திட்டவில்லை.

“அரிசி குடுத்ததோட அவங்கட கடம முடிஞ்சி. ஒங்களுக்கும் கட்டாயமில்ல. நீங்க புடிக்கிறண்டா அது ஒங்கட மனம்” என்றார்.

வீட்டுக்கு வந்து குசினியில் இருந்த புளியிலிருந்து பன்னிரண்டு கொட்டையைப் பிரித்தெடுத்துக் கழுவி, டின்னில் போட்டேன். அடுத்த நாள் சஹருக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன். சொல்லித்தர ஆளில்லாமல் நிய்யத்தை நானே சொன்னேன், உம்மாவின் பெயரோடு. முப்பது நாளும் மஃரிபுக்கு ராத்தா காய்ச்சிய கஞ்சியைக் கோப்பை காலியாகும்வரை குடித்தேன்.

அந்த மாதம் முழுவதும் முதலாளி லுஹருக்குப் பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். மில்லில் நானும் தராசும் மட்டும் இருப்போம். நான் ஒரு நாளும் அதில் ஏறவில்லை.